மூன்று தராசுகள்: என்.பி.ஏ. இறுதித் தொடரும் போட்டிச் சமநிலை பற்றிய வழக்கும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் உச்ச அமைப்பான என்.பி.ஏ.வின் இறுதித் தொடர் ஜூன் மாதத்தில் நடைபெறும்போதெல்லாம், ஆட்டத்தைப் பற்றிய பேச்சோடு ஒரு பழைய வழக்கும் ரசிகர்களிடையே மீண்டும் எழுகிறது. ஒரே அணி தொடர்ந்து வென்றால், பருவம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்ட போட்டியை எதற்காகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்; ஆண்டுக்கோர் அணி வென்றால், வரலாற்றில் நிற்கும் மாபெரும் அணி என்று சொல்ல இக்காலத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். சில ஆண்டு இடைவெளியில் ஒரே ரசிகர் இவ்விரு குறைகளையும் சொல்வதுண்டு. இதை மனித மனத்தின் முரண் என்று ஒதுக்கிவிடலாம் என்றாலும், வாதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், ‘போட்டிச் சமநிலை’ என்ற ஒரு சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமந்து நிற்பதும், வாதிடும் ஒவ்வொருவரும் வெவ்வேறு தராசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே எடையைச் சொல்ல முயல்வதும் புலப்படும்.

அம்மூன்றில் முதலாவது, ஓர் ஆட்டத்திலோ ஒரு தொடரிலோ யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை. இரண்டாவது, ஒரு பருவத்தில் வலிமை மிக்க அணிக்கும் மெலிந்த அணிக்கும் இடையே உள்ள தொலைவு. மூன்றாவது, ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டம் எத்தனை கைகளுக்கு மாறுகிறது என்பது. இம்மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது; ஆனால் என்.பி.ஏ.வின் வரலாறு அந்த எண்ணத்துக்குச் சான்று தரவில்லை.

பொருளியலாளர்களின் பார்வை

விளையாட்டுத் துறையில் இக்கேள்வியை முறையாக எழுப்பியவர் சைமன் ராட்டன்பெர்க். பேஸ்பால் வீரர்களின் தொழிலாளர் சந்தையைப் பற்றி அவர் 1956இல் எழுதிய ஆய்வுரை, ஓர் ஆட்டத்தின் முடிவு உறுதியற்றதாக இருப்பதே பார்வையாளரை அரங்குக்கு இழுக்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தது. அதே ஆய்வுரை இன்னொன்றையும் வாதிட்டது: வீரர்மீதான உரிமை அணியிடம் இருந்தாலும் வீரரிடமே இருந்தாலும், திறமை இறுதியில் அதற்கு அதிக மதிப்புக் கிடைக்கும் இடத்தையே சென்று சேரும், ஆகவே வீரர்களைக் கட்டிவைக்கும் விதிகள் பணம் யார் பைக்குப் போகிறது என்பதை மாற்றுமே தவிர, வலிமை எங்கே குவிகிறது என்பதைப் பெரிதாக மாற்றாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1964இல், வால்டர் நீல் தொழில்முறை விளையாட்டின் விசித்திரமான பொருளாதாரத்தைக் குத்துச்சண்டை உதாரணம் ஒன்றின் மூலம் விளக்கினார். சாதாரண வணிகர் ஒருவருக்குப் போட்டியாளர் அழிந்தால் ஆதாயம். ஜோ லூயிஸ் போன்ற குத்துச்சண்டை வீரருக்கோ, மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற ஈடான எதிராளி இல்லாவிட்டால் விற்பதற்குச் சரக்கே இல்லை. ஓர் அணி தன் எதிரிகள் அனைவரையும் வென்றுவிடத் துடிக்கிறது. ஆனால் அப்படியே நடந்துவிட்டால் அதன் கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். போட்டிச் சமநிலைக்காக இயற்றப்பட்ட எல்லா விதிகளின் பின்னாலும் இந்த அச்சமே நிற்கிறது.

சமநிலையை அளக்கப் பின்னாளில் உருவான கருவிகளில் எளிதானது, இரு பொருளியலாளர்களின் பெயரால் நால்–ஸ்கல்லி விகிதம் என்று வழங்குவது. எல்லா அணிகளும் ஒரே வலிமை கொண்டவை என்றும், ஒவ்வோர் ஆட்டமும் காசு சுண்டிப் பார்ப்பது போன்றது என்றும் வைத்துக்கொண்டால், 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஓர் அணி சராசரியாக 41 வெற்றி பெறும். மூன்றில் இரண்டு பங்கு அணிகள் ஏறத்தாழ 36 முதல் 46 வெற்றிகளுக்குள் அடங்கிவிடும். உண்மையான பருவத்தின் சிதறல் இந்தக் கற்பனைப் பருவத்தின் சிதறலைப்போல எத்தனை மடங்கு என்பதே அந்த விகிதம். அமெரிக்கக் கால்பந்தில் அது ஒன்றரை மடங்கை ஒட்டியே இருந்து வந்திருக்க, என்.பி.ஏ.வில் பொதுவாக இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. 2024–25 பருவத்தில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் 68 ஆட்டங்களிலும் யூட்டா ஜாஸ் 17 ஆட்டங்களிலும் வென்றன என்பதே அந்தச் சிதறல் எத்தகையது என்று காட்டப் போதும்.

ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ள சாய்வு

இந்தச் சாய்வுக்கு நிர்வாகத்தையோ பணத்தையோ மட்டும் குறைசொல்வது பொருந்தாது. கூடைப்பந்தின் அமைப்பிலேயே அதற்கு விதை உள்ளது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ 100 முறை பந்து வசமாகிறது. அத்தனை முறையும் புள்ளி எடுக்க ஒரு வாய்ப்பு. முயற்சிகள் பெருகப் பெருகத் தற்செயலின் பங்கு கரைந்து, திறமையின் பங்கு மேலே வரும் என்பது நிகழ்தகவின் அடிப்படை விதி. ஒன்றிரண்டு கோல்களில் முடிவாகும் கால்பந்தில் மெலிந்த அணி தடுப்பாட்டம் ஆடித் தப்பிவிட முடியும். கூடைப்பந்தில் அது அரிது.

களத்தில் ஓர் அணிக்கு ஐவர் மட்டுமே என்பது அடுத்த காரணம். 48 நிமிட ஆட்டத்தில் தலைசிறந்த வீரர் ஒருவர் 40 நிமிடம் வரை களத்தில் நிற்க முடியும். ஐந்தில் ஒரு பங்கு இடத்தை அவரே நிரப்புகிறார், பந்தும் பெரும்பாலும் அவர் கையில்தான். பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கு இத்தகைய எடை வாய்ப்பதில்லை. டேவிட் பெர்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் இன்னொரு காரணத்தைச் சுட்டினர்: இவ்விளையாட்டுக்கு வேண்டிய அசாதாரண உயரமும் அதற்கேற்ற உடல்திறனும் ஒருசேர வாய்த்தவர்கள் உலகிலேயே சிலர்தான், அந்தச் சிலர் கிடைத்த அணிக்கும் கிடைக்காத அணிக்கும் இடையிலான பள்ளத்தை எந்தச் சட்டமும் எளிதில் மேவிவிட முடியாது.

ஏழு ஆட்டத் தொடர் என்ற முறை இச்சாய்வைப் பின்னும் கூட்டுகிறது. ஓர் ஆட்டத்தில் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணி, முதலில் நான்கு வெற்றி பெறுபவருக்கே தொடர் என்ற முறையில் 71 விழுக்காடு வாய்ப்பைப் பெறுகிறது. ஓர் ஆட்டத்தில் 70 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் தொடரில் அது 87 விழுக்காடாக உயர்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே யானை மூன்று வாரத்துக்குள் நான்கு முறை சறுக்க வேண்டும் என்பதே இத்தொடரின் நிபந்தனை.

பட்டங்களின் கணக்கு

1947 முதல் 2025 வரை வழங்கப்பட்ட 79 பட்டங்களில் பாஸ்டன் செல்டிக்ஸ் 18ஐயும் லேக்கர்ஸ் 17ஐயும் பெற்றிருக்கின்றன. ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்கு இரண்டே அணிகளிடம். 1957க்கும் 1969க்கும் இடைப்பட்ட 13 பருவங்களில் பில் ரஸ்ஸலின் செல்டிக்ஸ் 11 முறை வென்றது. அவற்றுள் எட்டு, 1959 முதல் 1966 வரை இடைவிடாமல் வந்தவை. மறுபுறம், இன்றுள்ள 30 அணிகளுள் 10 அணிகள் 2025 வரை ஒருமுறைகூட என்.பி.ஏ. பட்டத்தைத் தொட்டதில்லை.

இந்த நெடுங்கணக்கில் 1970களே விதிவிலக்கு. அப்பத்தாண்டில் எட்டு வெவ்வேறு அணிகள் வென்றன. பரவலையே சமநிலையின் அளவாகக் கொண்டால் அதுவே பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரசிகர் ஆர்வம் குன்றியிருந்த காலமாகவே அது நினைவுகூரப்படுகிறது. அதன் வாலில் வந்த 1980ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், முதல் பருவம் ஆடிக்கொண்டிருந்த மேஜிக் ஜான்சன், காயமுற்ற கரீம் அப்துல் ஜப்பாரின் இடத்தில் இறங்கி 42 புள்ளிகள் குவித்துப் பட்டத்தை முடித்துவைத்தார். அந்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பகுதி மக்கள் நேரலையில் பார்க்கவில்லை, பின்னிரவில் பதிவாகத்தான் பார்த்தார்கள். 1980களில் லேக்கர்ஸ் ஐந்தும் செல்டிக்ஸ் மூன்றும் வெல்ல, மற்ற அனைவருக்கும் எஞ்சியவை இரண்டே பட்டங்கள், என்.பி.ஏ. மக்களிடம் வேரூன்றியதோ அப்போதுதான். 1990களில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் ஆறு பட்டங்களை எடுத்துச் சென்றது. அவற்றுள் கடைசியான 1998ஆம் ஆண்டுத் தொடரை அமெரிக்காவில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தனர்.

1980 முதல் 2018 வரையிலான 39 பருவங்களில் பட்டம் வென்ற அணிகள் 11 மட்டுமே. ராட்டன்பெர்க்கின் கருதுகோளை நேர்க்கோட்டில் நீட்டினால் ஆர்வம் தேய்ந்திருக்க வேண்டிய காலம் இது, நடந்ததோ நேர்மாறு. ரசிகர்கள் உறுதியின்மையை மட்டும் தேடி வருவதில்லை, வீழ்த்தப்பட வேண்டிய ஒரு மாபெரும் அணியையும் அதற்கு ஈடாக நிற்கும் ஓர் எதிரணியையும் தேடியே வருகிறார்கள் என்ற முடிவுக்கு இது இடமளிக்கிறது. நீல் சொன்ன குத்துச்சண்டை உதாரணமும் ஊன்றிப் பார்த்தால் அதையே சொல்கிறது: லூயிஸுக்குத் தேவைப்பட்டவர்கள் சமமான முப்பது பேர் அல்லர், ஒரே ஒரு ஷ்மெலிங்.

விதிகளும் அவற்றின் பின்விளைவுகளும்

வலிமையைப் பகிர்ந்தளிக்க என்.பி.ஏ. கையாளும் மிகப் பழைய கருவி, ‘டிராஃப்ட்’ எனப்படும் புதுமுக வீரர் தேர்வு. பருவத்தில் பின்தங்கிய அணிகள் புதிதாக வரும் வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறுகின்றன. நலிந்தவருக்கு உதவும் இந்த ஏற்பாட்டின் உள்ளேயே ஒரு தீமை ஒளிந்திருக்கிறது: தோற்பதற்குப் பரிசு உண்டு என்றால், வேண்டுமென்றே வலுவிழக்கத் துணியும் அணிகளும் உண்டாகும். ‘டேங்கிங்’ என்று ரசிகர்கள் அழைப்பது இதைத்தான். இதைத் தடுக்க 1985இல் குலுக்கல் முறை வந்தது. 1990இல் மோசமான அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும்படி அது மாற்றப்பட்டது. பிலடெல்பியா செவென்டி சிக்ஸர்ஸ் 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களில் 19, 18, 10 என்று வெற்றிகளைக் குறைத்துக்கொண்டே சென்றபின், 2019இல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு தலா 14 விழுக்காடாகச் சமன்செய்யப்பட்டது. 2025இல் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு இருந்த டல்லஸ் மேவரிக்ஸுக்கு முதலிடம் விழுந்தபோது, சில மாதங்களுக்கு முன்புதான் அவ்வணி தன் நட்சத்திரமான லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியிருந்ததை இணைத்துப் பார்த்த ரசிகர்கள் குலுக்கலையே சந்தேகித்தார்கள். தற்செயலை விதியாக்கினால் அதன் விளைவை எவரும் தற்செயல் என்று நம்புவதில்லை.

இரண்டாவது கருவி, ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு விதிப்பது. 1984–85இல் 36 லட்சம் டாலராகத் தொடங்கிய இந்த உச்சவரம்பு, 2024–25இல் 14 கோடி டாலரைத் தாண்டியது. இது இளக்கமான வரம்பு. தன்னிடம் ஏற்கெனவே உள்ள வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி இதைக் கடக்கலாம். செல்டிக்ஸின் லாரி பேர்டு பெயரால் இந்த விலக்கு வழங்குகிறது. அப்படிக் கடப்போர் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் செலவிட்டால் கட்ட வேண்டிய சொகுசு வரி 2002–03 முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றோடு, தனி வீரர் ஒருவர் பெறக்கூடிய சம்பளத்துக்கும் 1999இல் உச்சம் குறிக்கப்பட்டது. சமநிலையைக் குலைத்ததில் இதன் பங்கு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. தலைசிறந்த வீரருக்கு எந்த அணியும் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் தர முடியும் என்றால், அவர் பணத்தை வைத்து அணியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைகிறது. ஊர், தட்பவெப்பம், உடன் ஆடுவோர், பட்ட வாய்ப்பு ஆகியவை முன்னே வருகின்றன. 2010இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமியில் டுவைன் வேடுடன் சேர்ந்ததும், அவ்வணி அடுத்த நான்கு ஆண்டும் இறுதித் தொடருக்கு வந்ததும் இதன் விளைவே.

விதியின் பின்விளைவுக்கு மிகத் தெளிவான சான்று 2016. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் வருவாய் வந்து சேர, உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 லட்சம் டாலராகத் தாவியது. ஏற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பலாம் என்ற யோசனையை வீரர் சங்கம் ஏற்கவில்லை. அதனால், அப்பருவத்தில் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு, கெவின் டூரண்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவ்வணி இறுதிக்கட்டச் சுற்றுகளில் 16 வெற்றியும் ஒரே ஒரு தோல்வியும் கண்டது. முன்பே எழுதப்பட்ட முடிவு என்று ரசிகர்கள் மிகக் கசந்து பேசிய தொடர் 2017ஆம் ஆண்டுத் தொடர்தான். ஆனால் சராசரியாக 2 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள் என்பதும் பதிவில் உள்ளது.

ஏழு ஆண்டு, ஏழு அணி

2019 முதல் 2025 வரை டொரான்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஒக்லஹோமா சிட்டி என்று ஏழு ஆண்டுகளில் ஏழு அணிகள் வென்றன, என்.பி.ஏ. வரலாற்றில் இதற்கு முன் நிகழாதது இது. இதைப் புதிய விதிகளின் வெற்றியாகக் காட்டும் வாதம் பரவலாக உள்ளது. 2023இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம், சொகுசு வரி எல்லைக்கு மேல் 1 கோடியே 75 லட்சம் டாலரில் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற இன்னொரு கோட்டை வரைந்தது. அதைத் தாண்டும் அணி வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வீரர் பலரின் சம்பளத்தைக் கூட்டி ஒரே வீரருக்கு ஈடாகக் கொடுத்து வாங்க முடியாது, சந்தையில் வெளிவீரரை எடுப்பதற்கான முக்கியச் சலுகையை இழக்கும், ஏழு ஆண்டுக்குப் பிந்தைய டிராஃப்ட் உரிமையும் முடக்கப்படும். பணக்கார உரிமையாளர்களுக்கு அபராதம் உறைப்பதில்லை என்பதால், கைகளையே கட்டிவிடும் உத்தி இது.

எனினும் காலவரிசை இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. ஏழு வெற்றியாளர்களுள் ஐவர் அவ்விதி வருவதற்கு முன்பே வென்றுவிட்டனர். ஆகவே பரவலுக்கான காரணங்களை வேறிடத்திலும் தேட வேண்டும். ஒப்பந்தக் காலங்கள் சுருங்கியதால் நட்சத்திர வீரர்கள் அடிக்கடி இடம் மாறினர்; டொரான்டோவுக்குப் பட்டம் வாங்கித் தந்த கவாய் லெனார்டு அங்கு ஆடியது ஒரே பருவம். காயங்களும் கணக்கில் உண்டு. அதே 2019 தொடரில் வாரியர்ஸ், டூரண்டையும் கிளே தாம்ப்சனையும் இழந்தது. மூன்று புள்ளி எறிவின் பெருக்கம் மூன்றாவது காரணமாகலாம்: அது அறிமுகமான 1979–80இல் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட முயலவில்லை, 2024–25இல் 37 முறைக்கு மேல் முயன்றது. தொலைவிலிருந்து எறியும் பந்து ஒருநாள் கூடையை விட்டு வெளியேறாது, மறுநாள் உள்ளே புகாது. 2018இல் வாரியர்ஸை வீழ்த்தும் விளிம்பில் நின்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ், ஏழாம் ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிவுகளைத் தவறவிட்டது. இரண்டாம் ஏப்ரனின் உண்மையான வலிமை 2025 கோடையில்தான் தெரிந்தது. சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை எட்டும் என்று மதிப்பிடப்பட்டிருந்த செல்டிக்ஸ், பட்டம் வென்று ஓராண்டே ஆன நிலையில் ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் கைவிட்டது.

ஒரே தொடரில் மூன்று தராசுகள்

2025ஆம் ஆண்டு இறுதித் தொடர் இம்மூன்று அளவுகளும் தனித்தனியே இயங்குவதை ஒரே இடத்தில் காட்டுகிறது. ஒக்லஹோமா சிட்டி, ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசத்தில் எதிரணிகளை விஞ்சி, 1971–72 லேக்கர்ஸின் சாதனையை முறியடித்திருந்தது. எதிரே 50 வெற்றிகளோடு வந்த இந்தியானா பேசர்ஸ். பருவத்தின் தராசில் இது ஒருபக்கமாகச் சாய்ந்த தொடர். முதல் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்த பேசர்ஸுக்கு, 0.3 வினாடி எஞ்சியிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து 111–110 என்று வெற்றியைத் தேடித் தந்தது. அந்த ஆட்டம் முழுவதிலும் அவ்வணி முன்னிலையில் இருந்தது அந்த 0.3 வினாடி மட்டுமே. தொடரும் ஏழாம் ஆட்டம் வரை நீண்டது. ஆட்டத்தின் தராசில் இதைவிட நிறைவான சமநிலையை எதிர்பார்க்க முடியாது.

சிறு நகரங்கள் இரண்டு மோதிய இத்தொடரில், சொகுசு வரி தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, இரு அணிகளுமே அவ்வரி கட்டாதவை. வெற்றி பெற்ற அணி 2016இல் டூரண்டை இழந்தது. 2020–21இல் 22, அடுத்த பருவத்தில் 24 என்று வெற்றிகள் சரிந்த நிலையிலிருந்து டிராஃப்ட் உரிமைகளைச் சேமித்து எழுந்தது. ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2019இல் ஒரு வீரர் பரிமாற்றத்தில் வந்தவர். செட் ஹோம்கிரனும் ஜேலன் வில்லியம்ஸும் 2022 தேர்வில் கிடைத்தவர்கள். சமநிலை விதிகளை வகுத்தவர்கள் எழுதிவைத்த கதையே இது என்று சொல்லலாம். அவ்வாறிருந்தும் இத்தொடரை அமெரிக்காவில் பார்த்தவர்கள் சராசரியாக ஒரு கோடி சொச்சம். ஒருபக்கமாக முடிந்த 2017 தொடரைப் பார்த்தவர்களில் பாதி. தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமே இடையில் சரிந்திருக்கிறது என்பதால் முழு வேறுபாட்டையும் அணிகளின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆயினும் ஏழாம் ஆட்டத்துக்கு மட்டும் அந்த எண்ணிக்கை 1 கோடியே 64 லட்சமாக உயர்ந்தது கருதத்தக்கது: ஊர் எது என்று பாராமல், முடிவு தெரியாத ஓர் இரவுக்காக மக்கள் வந்திருக்கிறார்கள்.

ரசிகர்களின் வழக்குக்கு இதிலிருந்து ஒரு தெளிவு கிடைக்கிறது. பட்டம் பல கைகளுக்கு மாற வேண்டும் என்பவரும், மாபெரும் அணிகள் வேண்டும் என்பவரும் ஒன்றையொன்று மறுக்கும் கோரிக்கைகளை வைக்கவில்லை. முதலாமவர் தம் அணிக்கும் ஒருநாள் வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கையைக் கேட்கிறார். அது ஆண்டுகளின் தராசில் நிறுக்கப்படுவது, விதிகளால் ஓரளவு தரக்கூடியது. இரண்டாமவர் அந்த நம்பிக்கை கைகூடும் நாளில் எதிரே நிற்கப் பெறுமதியான ஒருவரைக் கேட்கிறார். அது பருவத்தின் தராசில் சாய்வு இருந்தால்தான் பிறக்கும். பட்டத்தை ஆண்டுக்கொருவருக்குப் பங்கிட்டுத் தருவது முதல் கோரிக்கையை நிறைவேற்றி இரண்டாவதைப் பட்டினி போடுகிறது. என்.பி.ஏ. இப்போது வைத்திருக்கும் விதிகள் அந்தத் திசையில் வெகுதூரம் சென்றுவிடுமா என்பதற்கு, தண்டர் தன் இளம் வீரர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபின் எத்தனை காலம் ஒன்றாக நிலைக்கிறது என்பதே உரைகல்.

ஏழாம் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒக்லஹோமா சிட்டி 103–91 என்று வென்றது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அவருடைய அணி அறிவித்தது. ஒருமுறைகூட என்.பி.ஏ. பட்டம் வெல்லாத பத்து அணிகளுள் பேசர்ஸும் ஒன்று. சம்பளத்தையும் தேர்வுரிமையையும் நிறுத்துக் கொடுக்கும் தராசுகள் என்.பி.ஏ.விடம் எத்தனையோ உள்ளன. அந்த இரவில் இந்தியானா இழந்ததை நிறுக்க அவற்றுள் எதுவும் உதவவில்லை.